ஒரு பலகை குறைகிற வண்டி

கடலூர் புதுப்பாளையத்தில் கலியமூர்த்தி கட்டிய பத்தடி நீள வண்டிக்குத் தரை போட இதுவரை நாலாயிரத்து அறுநூற்றுப் பதினொரு பலகை ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு பலகைக்கு இடம் இருக்கிறது.

கலியமூர்த்தி முப்பது வருடம் லாரிக்கு பாடி கட்டியவர். அவர் மனைவி ஞானாம்பாள் இருபத்திரண்டு வருடம் தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டு வந்தவள். அதைத் தாண்டி எங்கும் போனதில்லை. முதுகெலும்பில் கட்டி என்று தெரிந்தபோது அவளால் உட்காரவே முடியவில்லை. இனி வைத்தியம் இல்லை, மாத்திரை மட்டும்தான் என்று டாக்டர் சொன்ன அன்று, "படுத்துகிட்டே போவலாம்னா கொடைக்கானலே போயிட்டு வந்துடுவேன்" என்று சிரித்தாள். மறுநாளே கலியமூர்த்தி ஒரு பழைய டிரெய்லர் அச்சை வாங்கி வந்து, அதன்மேல் இரும்புச் சட்டம் பற்றவைத்து, தகரத்தால் சுவரும் கூரையும் அடித்தார். அவளுக்கு உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல். தரைதான் பாக்கி.

அரையடி அகல வேப்பம் பலகை இருபது போதும் என்பது அவர் கணக்கு. இருபதாவதை முடுக்கியபோது முன்சுவர் ஓரம் அரையடி இடைவெளி இருந்தது. இன்னொன்று போட்டார். அப்போதும் அரையடி இருந்தது. ஞானாம்பாளின் தம்பி செந்தமிழ்செல்வன் வந்து டேப் பிடித்தான். "மாமா, வெளிய சரியா பத்தடிதான் காட்டுது. உள்ள எத்தினி போட்டீங்க?" இருபத்தாறு என்றார். பலகையையெல்லாம் பிரித்துவிட்டு பிளைவுட் போட்டுப் பார்த்தார்கள். அதற்கும் அரையடி போதவில்லை. மறுபடி பலகையே போட ஆரம்பித்தார். பொங்கலுக்குப் பிறகு கிளம்புவதாக இருந்த பயணம் மாசி மகத்துக்குத் தள்ளிப்போனது. இருக்கிற தரை போதும், ஓட்டையோடு போவோம் என்று செந்தமிழ்செல்வன் தன் ஜீப்பில் கோர்த்து இழுத்தபோது, உள்ளே இருந்த நூற்று நாற்பது பலகையின் பாரத்தில் இரண்டு டயரும் வெடித்தன. வண்டி நகரவில்லை. கலியமூர்த்தி சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் ஞானாம்பாள் வலியில் முனகுவது தெருவுக்குக் கேட்டது.

வண்டியில் படுத்துப் பார்க்கவாவது செய்யட்டும் என்று ஒரு காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். கால் பலகையில் பட்டதும் அவள் நின்றாள். "ஏங்க, வலிக்கல" என்றாள். கோடிவரை நடந்து திரும்பினாள். வெளியே வந்ததும் வலி பழையபடி பிடித்துக்கொண்டது. அதிலிருந்து அவளைத் தினமும் உள்ளே கொண்டுபோய் விட்டார். அவள் நடக்க நடக்கப் பலகை போட்டார். சித்திரையில் முன்சுவர் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டது. அரையடிக்கு அப்பால், சுவர் இருந்த இடத்தில், வெள்ளையாக ஏதோ மூட்டம்.

ஆடி இரண்டாம் வாரம் அவள் அந்த அரையடியைத் தாண்டி அப்பால் கால் வைத்தாள். கலியமூர்த்தியும் தாண்டினார், கால் இந்தப் பக்கமே விழுந்தது. எட்டு முறை தாண்டிப் பார்த்தார்.

"ஞானா, வந்துடு."

"அங்க வந்தா படுத்துக்கணும்ங்க. இங்க நல்லாருக்குது. நீங்க மெதுவா போட்டுகிட்டு வாங்க."

அன்று தெருவில் எல்லார் முன்னிலும் அழுதார். அழுது முடித்ததும் பலகை வாங்கப் போனார். இப்போது சைக்கிள் கேரியரில் பலகையைக் கட்டி, வண்டிக்குள் ஓட்டிக்கொண்டு போகிறார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பலகை போடுகிறார். இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அவள் நின்று பேசுகிறாள். கையை நீட்டினால் எட்டாது. ஆனால் தூக்கிப் போட்டால் பொருள் போய்ச் சேரும் என்பதை ஒரு கொய்யாப்பழத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

எதிர்வீட்டு ராசம்மாள் விஷயம் கேள்விப்பட்டு, "அங்க குளிருமே" என்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். வெளியே சுட்டெரிக்கிற வெயில். கலியமூர்த்தி அதைக் கொண்டுபோய் வீசிவிட்டு, சட்டையெல்லாம் சாரலில் நனைந்து திரும்பினார்.

"போட்டுகிச்சா?" என்று கேட்டாள் ராசம்மாள்.

"போட்டுகிச்சு. கைதான் கொஞ்சம் நீளமாம்."

ராசம்மாள் அடுத்த ஸ்வெட்டரில் கைக்கு ஆறு வரிசைப் பின்னல் குறைத்துக்கொண்டாள்.