கல்லீரலுக்கு ஆள் சேர்த்தது

கோகிலவாணியின் மேசைக்கு எதிரே அவளுடைய மரபணுப் பிறழ்வு வந்து உட்கார்ந்தது. இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஹெல்மெட். பீளமேட்டு ஆய்வகமொன்றில் ஊரார் டி.என்.ஏ.வில் எழுத்து மாறிய இடங்களைக் கணினியில் கண்டுபிடித்து வகை பிரிப்பது அவள் வேலை. பிறழ்வுகள் நேரில் வருவது சகஜந்தான். தன்னுடையதே வந்ததுதான் ரோதனை.

"எந்தப் பக்கமுங்க நீங்க?"

"உங்க கல்லீரலுங்க அக்கா. ஒரே ஒரு எழுத்து மாறிட்டனுங்க."

கணினி 'தீங்கு' என்று சொல்லிவிட்டால் அந்த உறுப்பை அன்றைக்கே கீழே கவுன்டரில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். விதி அப்படி. கோகிலவாணி விலாவைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தக் கல்லீரல் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

கணினி கனைத்துக்கொண்டது. "ஊரில் வேறு யாருக்கும் இது இல்லை. அரியது. அநேகமாகத் தீங்கு. சாயந்திரம் முடிவு சொல்கிறேன்."

பக்கத்து மேசை பெர்னதெத் தலையைத் தூக்காமலே சொன்னாள். "ஊருக்கே இருந்தா தீங்கில்லைன்னு சொல்லிருமுங்கக்கா. அதுக்கு வேற என்ன தெரியும்?"

அவ்வளவுதான். கோகிலவாணி பிறழ்வைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஜனங்கள் தங்கமானவர்கள். பேக்கரியில் டீ குடித்தவர்கள் பிறழ்விடமிருந்து அந்த மாறிய எழுத்தை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். டிராபிக் போலீஸ்காரர் மாமியாருக்கும் சேர்த்துக் கேட்டார். ஆள் போதாதபோது தெரு தானாகக் கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

அவள் கணவர் மோகனசுந்தரம் ஸ்கூட்டரில் எதிரே வந்தார்.

"ஏனுங்க, நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்க."

"எனக்கெதுக்கு? பொறந்தப்ப இருந்தாப்லயே இருந்துட்டுப் போறேன்."

சரியான பிடிவாதக்காரர். கல்யாண போட்டோவிலேயே சிரிக்காத மனுஷன். ஆனாலும் முடிவு கேட்க அவளோடு ஆய்வகம் வரை வந்தார்.

"எல்லோருக்கும் இருக்கிறது. தீங்கில்லை" என்றது கணினி. அப்பாடா! கோகிலவாணி பெர்னதெத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

கணினி மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. "அங்கே நிற்பவரின் கல்லீரலில் ஊரில் எவருக்கும் இல்லாத எழுத்து இருக்கிறது. அரியது. தீங்கு."

"நான் எதையுமே மாத்துலயே!" என்றார் மோகனசுந்தரம்.

"அதானுங்க சார் பிரச்சினை" என்றாள் பெர்னதெத்.

கோகிலவாணி பதறிப்போய்ப் பிறழ்வைத் தேடினாள். கடைசி ஆளுக்கும் கொடுத்து அது தீர்ந்துபோயிருந்தது. அவள் விம்மி விம்மி அழுதாள்.

மோகனசுந்தரம் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"எந்தப் பக்கம் இருக்கும் அது, புள்ள?"

"வலது பக்கமுங்க" என்றாள் கோகிலவாணி.