முனை வரைக்கும் இழுத்த கம்பி

பட்டறையில் அவளைக் கரண்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வண்டி எதுவானாலும் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள். பிறகு கை நேராகக் கெட்டுப்போன வயருக்குப் போகும். அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவள் புருஷன் பூகோள வாத்தியார். அவருக்குக் குடும்பத்தில் வைத்த பேர் உடைச்சான். சின்ன வயசில் ஒரு கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தாராம். தலை நரைக்க ஆரம்பித்தும் அந்தப் பேர் விட்டபாடில்லை. கல்யாணமான புதிதிலேயே நாத்தனார் அவளிடம், "கண்ணாடிச் சாமானை மட்டும் அவன் கையில குடுத்துடாதம்மா" என்று எச்சரித்திருந்தாள். அப்போது அவரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அவர்மேல் பிரியமே வந்தது.

இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கியது அந்தப் பழைய பாய்மரப் படகு. லீவு நாளில் விரிகுடாவுக்குப் போய் நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும். ஆனால் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு அவர் எடை தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நங்கூரச் சங்கிலியை யார் இழுப்பது?

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று அவளே படகின் முன் முனையில் சங்கிலியை இழுக்க ஒரு மோட்டார் வைத்தாள். பேட்டரிகள் பின்பக்கம், இன்ஜின் பக்கத்தில். அங்கிருந்து முனை வரைக்கும் படகின் உள்ளறை வழியாகவே சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி இழுத்தாள். படகுத்துறையிலேயே சோதனையும் நடந்தது. தண்ணீரில் சும்மா தொங்கிய நங்கூரம் கிணற்று வாளி மாதிரி ஜம்மென்று மேலே வந்தது.

"இனிமே ஒரு விரல் போதும்ங்க."

அந்த ஒரு விரலைக் காட்டத்தான் நாத்தனாரையும் அழைத்துப் போனார்கள்.

சாப்பிட்டுப் பேசிக் களைத்து, திரும்பும் நேரம். அவள் பின்னால் இன்ஜினை ஓடவிட்டு, "அழுத்துங்க" என்றாள். முனையில் அவர் பொத்தானை அழுத்தினார். சங்கிலி விறைத்தது. நங்கூரம் சேற்றில் ஆழமாகக் குத்தியிருந்தது. மோட்டார் ஒரு முனகல் முனகி அப்படியே நின்றுவிட்டது.

"விட்டு விட்டு அழுத்தணும்னு சொன்னேன்ல!" அவள் கத்தினாள். "இப்படி ஒரேடியா பிடிச்சு நசுக்கினா அது என்ன பண்ணும்?"

"விட்டு விட்டுத்தாம்மா..."

"ஊருக்கே பாடம் நடத்துறீங்க, ஒரு பொத்தானை அழுத்தத் தெரியலையே!"

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? உடைச்சான் தொட்டா உருப்படுமா?"

"ஆமாக்கா, என் கை ராசி அப்படி" என்று அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து சங்கிலியைக் கையால் பிடித்து இழுக்கப் போனார்.

"டேய், வயித்துல தையல் போட்ட ஆளு!" என்று நாத்தனார் அலறினாள். பெண்கள் இரண்டு பேரும் முன்னால் ஓடி, உள்ளங்கை கன்றிப்போக இழுத்து ஒருவழியாக நங்கூரத்தை ஏற்றினார்கள்.

திரும்பும் வழியில் சுக்கானை அவர் பிடித்துக்கொண்டார். மோட்டார் கருகியிருக்குமோ என்று பார்க்க அவள் அறைக்குள் இறங்கினாள். போகிற போக்கில் கை கம்பிமேல் பட்டது.

கம்பி சுட்டது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வண்டியில் கரண்ட் ஒரு கம்பியில் போகும். திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே போதும். அதனால் பட்டறையில் போகிற தூரத்தை மட்டும்தான் அளப்பார்கள். இதுவோ கரண்ட் பாயாத ஃபைபர் படகு. கரண்ட் முனைக்குப் போய், இன்னொரு கம்பி வழியாக அத்தனை தூரமும் திரும்பி வரவேண்டும். கம்பி இரண்டு போட்டாளே தவிர, தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு வழித் தூரத்தைத்தான் கணக்கில் எடுத்திருந்தாள். பேட்டரி கொடுத்த தெம்பெல்லாம் மெல்லிய கம்பியில் சூடாகக் கரைந்து, பாரம் இழுக்கும் நேரத்தில் மோட்டாருக்கு அரைவயிறுதான்.

முகம் பற்றி எரிந்தது. இப்போதே மேலே போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு தடவை படியில் கால் வைத்தாள். மேலே நாத்தனார் அந்தக் கடிகாரக் கதையை மறுபடியும் எடுத்துவிட்டிருந்தாள். 'கரை போய்ச் சேரட்டும்' என்று உட்கார்ந்துவிட்டாள். கரையும் வந்தது. கையை அசைத்துவிட்டு நாத்தனார் கார் பக்கம் நடந்தாள். ராத்திரிக்குள் சொந்தபந்தம் முழுக்க இந்தக் கதை போய்விடும்.

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மோட்டார் போயிடுச்சா? விட்டு விட்டு அழுத்தினதாத்தான் ஞாபகம். கொஞ்சம் ஜாஸ்தி பிடிச்சிட்டேன் போலிருக்கு. மன்னிச்சுக்கம்மா."

அவளுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. நாத்தனாரின் காரைப் பார்த்து ஓடினாள்.

"அண்ணி! தப்பு அவர் மேல இல்ல. நான் போட்ட கம்பிதான் பத்தல. அளவை நான்தான் தப்பா எடுத்தேன்."

நாத்தனார் அவள் கன்னத்தைத் தட்டினாள். "புருஷனை விட்டுக்குடுக்காம பேசுற பாரு, அதுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. உன் கையாவது தப்பு பண்றதாவது!"

இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நல்ல பேர் குறுக்கே நின்று உண்மையை உள்ளே விட மறுத்தது.

"வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பாரம் ஏறட்டும் என்று நங்கூரத்தைத் துறையின் இரும்பு வளையத்தில் மாட்டினாள். "இன்ஜினை ஓட்டுங்க" என்றாள் அவரிடம். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "அழுத்தறது நான். நல்லாப் பாத்துக்குங்க" என்றாள்.

விட்டு விட்டு, அவர் அழுத்திய மாதிரியே அழுத்தினாள். சங்கிலி விறைத்தது. மோட்டார் அதே முனகலோடு நின்றது.

"உள்ள போய்க் கம்பியத் தொடுங்க அண்ணி."

நாத்தனார் தொட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டு வந்தாள். தம்பியை ஒரு தடவை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, "வரேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் இன்ஜினை நிறுத்தினார். அவள் தலை நிமிரவில்லை.

"அவங்க முன்னால கத்தியிருக்கக் கூடாதுங்க."

"கத்தினது போகட்டும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன் பாரு." கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். "கம்பி எப்ப மாத்துற?"

"ஞாயித்துக்கிழமை."

"சரி."

நானும் வரேன் என்று சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு துறையில் இறங்கினார்.