முப்பத்தஞ்சு காத்து

கண்ணாத்தாள் எருமையை விற்றுச் சைக்கிள் வாங்கினாள் என்று சொன்னால் சங்ககிரிப் பக்கம் எவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நடந்தது அதுதான். ஒரு எருமை, நாலு கிடாய். அத்தனையும் அவள் கையால் தீனி போட்டு வளர்த்தவை, அவள் வாயால் விலை பேசி விற்றவை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எருமை நின்ற அதே கட்டுத்தறியில் சைக்கிள் வந்து நின்றது.

சைக்கிள் என்பது பேருக்குத்தான். டயர் ஒவ்வொன்றும் நல்ல பூசணிக்காய்ப் பருமன். நடுக் கம்பிக்குள்ளே பேட்டரி, பின் சக்கரத்துக்குள்ளே மோட்டார், கைப்பிடியில் முறுக்கினால் பாய்வதற்கு ஒரு திருகு. மிதிக்க ஆசைப்பட்டால் மிதிக்கலாம், சோம்பல் வந்தால் சும்மா உட்கார்ந்தும் போகலாம். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் தனப்பிரியா, கடற்கரை மணலில் யாரோ இதை ஓட்டிப் போகிற படத்தைப் போனில் காட்டியபோதே கண்ணாத்தாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

காரணம் ஓடை. அவர்கள் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். அதில் பாதி ஓடை மணல், மீதி துருத்திக்கொண்டு நிற்கும் முட்டுக்கல். புருசன் தனபாலின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த மணலில் வழுக்கி விழுந்து, முழங்கையில் தையல் போட்டது போன வருசக் கதை. அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் தனபால் எப்போது கிளம்புவார் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அப்படி உட்கார்ந்திருப்பது அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

வந்த அன்று சாயங்காலமே எடுத்து ஓட்டினாள். முதல் பத்தடி மிதித்தே போனாள். திருகை லேசாக முறுக்கியதும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிய மாதிரி வண்டி கிளம்பியது. ஓடை வந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டாள். திறந்து பார்த்தால் ஓடை பின்னால் கிடந்தது. விழவில்லை, வழுக்கவில்லை. திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓடையில் இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். உழுது போட்டிருந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்குள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரிப்பு தானாக வந்தது, அதுவும் வாய்விட்டு. மேய்ந்துகொண்டிருந்த நாட்டுக்கோழி இருநூறும் ஒரே ஓட்டமாக வேலிக்கு ஓடின. இருட்டும்வரை அவள் வீட்டுக்குள் போகவில்லை.

தனபாலுக்குத்தான் வயிறு எரிந்தது. மனைவி வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. பைபாஸில் முப்பது வருசமாக லாரி டயர் கடை நடத்துகிற மனுசன் அவர். டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி உள்ளே எவ்வளவு காற்று என்று சொல்வார்; மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று இரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள்ளே அவரைக் கேட்காமல் இரண்டு டயர் வந்து நிற்கிறது. டீக்கடையில் எப்போதும் வம்பளக்கும் செங்கோட்டையன் வேறு, "ஏனுங்க மாமா, உங்க ஊட்டு அக்கா வாங்கியிருக்கறது சைக்கிளா, இல்ல லாரி குட்டி போட்டுருச்சுங்களா?" என்று கேட்டு, கடையே சிரித்திருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தனபால் ஆரம்பித்தார். "எருமையாவது பாலு கறந்துச்சு. இது என்னத்தக் கறக்கும்?"

"முட்டை கொண்டு போகுமுங்க. சங்ககிரி பேக்கரிக்கு நாளைக்கு மறுநாளிலிருந்து தெனமும் நாலு அட்டை. பேசிப்போட்டேன்."

"அந்த முட்டுக்கல்லுல முட்டையா? போய்ச் சேர்றதுக்குள்ள ஆம்லெட் ஆயிரும்."

கண்ணாத்தாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் வாய் அவள் பேச்சைக் கேட்காது. "ஒரு வாரம் பாருங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பேக்கரிக்காரம்மா உன்ற முட்டை வேண்டாம்னு சொல்லிப்போட்டா, நானே இந்தச் சைக்கிளை வித்து எருமையைத் திருப்பி ஓட்டியாரேன்."

சொன்ன சொல்லை விழுங்குகிற வழக்கம் அந்த வீட்டில் இரண்டு பேருக்குமே கிடையாது.

திங்கட்கிழமை விடிகாலை அட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், தனபால் கட்டுத்தறியில் குத்தவைத்து உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த கால் பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். கண்ணாத்தாள் அசந்துபோனாள்.

"கடைக்காரன் காத்தே அடிக்காம அனுப்பியிருக்கான். கையால அமுக்குனா உள்ள போகுது," என்றார் அவர், அவளைப் பார்க்காமலே. "லாரிக்கு நூத்திப்பத்து பவுண்டு அடிக்கறவன் நான். இதுக்கு முப்பத்தஞ்சுங்கறது கொழந்தைக்குப் பாலாடையில ஊத்தற மாதிரி. இப்பத் தட்டிப் பாரு."

தட்டினாள். டயர் கல் மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் ஒரு சேலை நன்றாயிருக்கிறது என்று சொல்லாத ஆள், முந்தாநாள் ராத்திரி எருமைக்காகச் சண்டை போட்ட ஆள், விடியுமுன் எழுந்து அவள் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார். அந்தச் சந்தோசத்தோடு முட்டை அட்டைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கு ஒன்பது முட்டை உடைந்தது. சனிக்கிழமை மெத்தையில் போன மாதிரி போன வண்டி, திங்கட்கிழமை ஒவ்வொரு கல்லிலும் பந்தாகத் துள்ளியது. ஓடை மணலில் ஒருமுறை சாயவே பார்த்தது. நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஆமை மாதிரி ஓட்டினாள்; ஏழு உடைந்தது. புதன்கிழமை அட்டைக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டாள், பதினொன்று. பேக்கரி வெண்ணிலா நல்ல பெண்தான். ஆனால் வியாபாரம் வியாபாரம்.

"அக்கா, ஒண்ணு ரெண்டுன்னா நானே பொறுத்துக்குவேன். ஞாயித்துக்கெழமை எனக்கு ரெண்டு பொறந்தநாள் கேக்கு, ஒரு நிச்சயதார்த்தம். ஆறு அட்டை வேணும். அன்னிக்கும் இப்படியே வந்துச்சுன்னா முன்னாடி முட்டை போட்ட வேன்காரருகிட்டயே சொல்லிக்கறேன். தப்பா நெனைச்சுக்காதீங்க."

திரும்பி வரும்போது கண்ணாத்தாள் சைக்கிளோடு பேசினாள். "சனிக்கெழமை நல்லாத்தானே இருந்தே? உனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று திட்டினாள். அதை விற்றுவிட்டால்? மறுபடி வாசலைப் பார்த்து உட்கார வேண்டும்.

வியாழக்கிழமையும் தனபால் வழக்கம்போலக் காற்றடித்துத்தான் அனுப்பினார். முட்டுக்கல் வருவதற்கு முன்னால் கருவேலஞ்செடி வழியை அடைத்துக் கிடந்தது; அதன்மேல் ஏற்றிப் போய்விட்டாள். கொஞ்ச தூரத்தில் பின் டயரிலிருந்து மெல்லிய ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு முள். பிடுங்கினால் மொத்தக் காற்றும் போய்விடும், பிடுங்காவிட்டால் மெதுவாகப் போகும். போகிறவரைக்கும் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்தாள். மணி ஆறே முக்கால், வெண்ணிலா அடுப்பு மூட்டியிருப்பாள்.

முட்டுக்கல் வந்தது. துள்ளலைக் காணோம். கல் வந்தது டயருக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பல்லை விட்டாள். தார் ரோடு ஏறி, பேக்கரி வாசலில் போய் நின்றபோது பின் டயர் பாதி சப்பையாகியிருந்தது. வெண்ணிலா அட்டை அட்டையாகப் பிரித்துப் பார்த்தாள். நூற்றிருபது முட்டையும் நூற்றிருபதாகவே இருந்தன.

கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. சனிக்கிழமை காற்று கம்மி, வண்டி மெத்தை. திங்களிலிருந்து முப்பத்தஞ்சு, வண்டி பந்து. இன்றைக்கு முள் புண்ணியத்தில் மறுபடி மெத்தை. முட்டை உடைத்தது கல்லும் இல்லை, தானும் இல்லை. அவள் நடு ரோட்டில் நின்று அந்த முள்ளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பஞ்சரை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. முப்பது வருச டயர்க்காரரிடம் போய் உங்கள் காற்றுத்தான் தப்பு என்று எப்படிச் சொல்வது? செங்கோட்டையன் காதுக்குப் போனால் மனுசன் டீக்கடைப் பக்கமே போகமாட்டார். அதைவிட, சொன்னால் நாளையிலிருந்து காற்றடிக்க எழுந்திருக்கமாட்டாரே. அந்த ஒரு காட்சி அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆகவே கள்ளத்தனம் செய்தாள். வெள்ளிக்கிழமை அவர் மிதித்து மிதித்துக் காற்றடிக்க, "போதுமுங்க, போதுமுங்க" என்று நல்ல பிள்ளையாக நின்றாள். வீட்டை மறைக்கும் புளியமரத்து வளைவு தாண்டியதும் இறங்கி, கொண்டை ஊசியை உருவி, டயர் மூக்கில் வைத்து அழுத்தினாள். உஸ்ஸென்று பாதிக்குமேல் போனது. ஒரு முட்டை உடையவில்லை. வரும்போது பஞ்சர் கடையில் மறுபடி ஏற்றிக்கொண்டாள், இல்லாவிட்டால் அவர் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். சனிக்கிழமையும் அப்படியே.

"பாத்தியா?" என்றார் தனபால் அன்று ராத்திரி, இரண்டாவது சோற்றைத் தானே போட்டுக்கொண்டு. "காத்து சரியா இருந்தா முட்டை எதுக்கு உடையுது? மூணு நாளு ஆச்சு, டயரு படிஞ்சு போச்சு."

கண்ணாத்தாள் மோர் ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு அட்டை கட்டியாயிற்று. தனபால் பம்பைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தார். "இன்னிக்கு விசேசம். நாப்பது அடிச்சிருக்கேன். கடை லீவுதான், நானும் பின்னாலயே வாரேன். நீ எப்படி ஓட்டறேன்னு பாக்கோணும்."

கண்ணாத்தாள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேண்டாம் என்றால் என்னவோ ஏதோ என்பார். சரி என்று கிளம்பினாள். பின்னால் மொபெட் சத்தம். புளியமரம் வந்தது, வளைவு வந்தது, மொபெட் அங்குலம் விலகவில்லை. இன்னும் ஐம்பதடியில் முட்டுக்கல். நூற்றெண்பது முட்டை முதுகுக்குப் பின்னால். இப்படியே விட்டால் இவர் மானம் தப்பும், சைக்கிள் போகும். அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

"ஏன் நின்னுட்டே?"

"மாமா, சித்த அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

"எதுக்கு?"

"திரும்பிக்கங்கன்னா திரும்பிக்கங்க."

சேலையைச் சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் திரும்பிச் சங்ககிரி மலையைப் பார்த்து நின்றார். அவள் உட்கார்ந்து ஊசியை அழுத்தினாள். உஸ்ஸ்.

முப்பது வருசம் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது தெரியாமல் போகுமா? ஒரே திருப்பாகத் திரும்பினார். ஊசி இவள் கையில், கை டயர் மூக்கில். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று.

"எத்தன நாளா?" என்று கேட்டார், நிதானமாக.

"வெள்ளிக்கெழமையிலிருந்துங்க. வியாழக்கெழமை முள்ளு ஏறி அதுவாப் போச்சு. அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்ப மொத மூணு நாளு உடைஞ்ச முட்டை?"

அவள் ஊசியை முந்தானையில் துடைத்தாள்.

"சொல்லு புள்ளே. எத்தன?"

"இருபத்தேழுங்க."

தனபால் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "நீங்க வெடிய எந்திரிச்சுக் காத்தடிக்கறது எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு பயம். அதனாலதான்."

பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டைவிரலால் டயரை அமுக்கினார். இன்னொரு தரம் அமுக்கினார். பிறகு கையை நீட்டி, "அந்த ஊசியக் குடு," என்றார்.

பின் டயரில் இன்னும் கொஞ்சம் விட்டார். முன் டயருக்குப் போய் அதிலும் விட்டார். ஒவ்வொரு உஸ்ஸுக்கும் அவர் முகம் லேசாகச் சுளித்ததைக் கண்ணாத்தாள் பார்த்தாள். தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. கடைசியில் மொபெட் பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு. இப்பப் போ."

அவள் போனாள். முட்டுக்கல்லின் மேல் போனாள், ஓடையில் இறங்கி ஏறினாள், தார் ரோட்டில் திருகை முழுக்க முறுக்கினாள். காற்று முந்தானையைப் பிடுங்கியது. பின்னால் மொபெட் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருசம் அவர் முதுகைப் பார்த்துப் போனவள், அவர் தன் முதுகைப் பார்த்து வருவதை நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

பேக்கரியில் வெண்ணிலா ஆறு அட்டையையும் மேசைமேல் பரப்பினாள். தனபாலும் கைகட்டி நின்று, அவளோடு சேர்ந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"அக்கா, நாளையிலிருந்து நீங்கதான்," என்றாள் வெண்ணிலா. கண்ணாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிள் தன்னுடையது. இனி யாரும் அதைத் தொட முடியாது.

வழியில் டீக்கடையில் நிறுத்தினார்கள். செங்கோட்டையன் அங்கேதான் இருந்தான். எழுந்து வந்து டயரைச் செருப்புக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். "மாமா, ஊருக்கெல்லாம் காத்தடிக்கறீங்க, உங்க ஊட்டு வண்டில காத்தே இல்லீங்களே."

கண்ணாத்தாள் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

தனபால் அவனை மேலும் கீழும் பார்த்தார். "காலை எடு. உனக்கென்ன தெரியும்? மணலு, கல்லு, அதுல முட்டை. இத்தனைக்கும் இந்த டயருக்குப் பன்னெண்டுதான். அதுக்கு மேல ஒரு பொட்டுக் காத்து ஏத்தறவன் டயர்க்காரனே இல்ல."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "ஆமாங்க, அவுங்கதான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் கண்ணாத்தாள், டீயை ஊதிக்கொண்டே.

மறுநாள் விடிகாலை அட்டைகளோடு வெளியே வந்தாள். கட்டுத்தறியில் தனபால் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, கட்டைவிரலால் டயரை அமுக்கிக்கொண்டிருந்தார். பம்பு சுவரோரம் சாத்தியிருந்தது. கொண்டை ஊசி அவர் சட்டைப் பையில் இருந்தது, அதை அவர் திருப்பித் தரவே இல்லை.