விரித்துக் காட்டிய பாய்

ஞாயிறு காலை. சவாயீ தீவின் அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு கல் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பெனினா சீமைப்பலாவை வேகவிட்டுவிட்டு, மெத்தைக்கு அடியிலிருந்து தாழைப் பாயை எடுத்தாள். பட்டுப்போல மெல்லிசு. ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து பின்னி, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது.

"அம்மா, அதை உள்ள வை," என்றாள் மகள் செனெரிதா.

செனெரிதாவுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அதற்கு நியூசிலாந்து போக வேண்டும். அரசின் உதவித்தொகை கிடைத்தால்தான் விமானம் ஏற முடியும். பரீட்சையில் அவள்தான் முதல். தேர்வுக்குழுவில் இருந்த அலப்பதியோ அவளைக் கூப்பிட்டு, "மார்க்கெல்லாம் சரிதான்மா. வெறுங்கையோட வந்து நிக்கிறது நம்ம வழக்கமா? ஒரு நல்ல பாயா கொண்டுவரச் சொல்லு அம்மாவை," என்றிருந்தார்.

"அது லஞ்சம்மா. அந்த ஆளு 'வழக்கம்'னு சொன்னப்போ எனக்குக் குமட்டிடுச்சு."

"அடி போடி. பெரிய மனுஷருக்குப் பாய் கொடுக்கிறது லஞ்சமா?"

பெனினாவுக்குப் பாய் கொடுக்கத் தெரிந்தது ஒரே விதம்தான். தேவாலயம் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். அலப்பதி வீட்டில் போதகரும் விருந்தினரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், முற்றத்தில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் பாயை விரித்தபடி நடந்தார்கள். வழக்கப்படி நன்றி சொல்லிக் குரல் கொடுத்தார்கள்.

"என் பொண்ணு வெளிநாட்டுல படிக்க உதவித்தொகை தரப்போற ஐயாவுக்கு, அவர் கேட்ட பாய்," என்று பெனினா உரக்க அறிவித்தாள்.

போதகரின் கை தட்டின் மேலேயே நின்றது. "நீங்க கேட்டீங்களா?"

"நானா? சேச்சே. இந்தப் பொண்ணுக்கு மார்க்குக்கே கிடைச்சாச்சே," என்று அலப்பதி வழிந்தார். எழுந்து வந்து பெனினாவிடம் பல்லைக் கடித்தார். "மடிச்சுப் பின்வாசல்ல கொண்டுவரத் தெரியாது? மூளை இருக்கா உனக்கு?"

"நான் அப்படித்தானே கொண்டுவந்தேன்," என்றாள் பாயின் மூலையைப் பிடித்திருந்த லாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி. "போன வருஷம், சாக்குல சுத்தி. என் பையன் இன்னும் மீன் சந்தையிலதான் நிக்கிறான். வேற யாரோ ரெண்டு பாயா கொடுத்துட்டாங்க போல."

பெனினாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆளின் கை தொடவா இத்தனை நாள் குனிந்து பின்னினோம் என்று அருவருப்பாக இருந்தது.

"மடிங்கடி, போகலாம்," என்றாள். பிறகு விருந்துக்கு வந்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"மரியாதைன்னா ஊர் பார்க்க விரிச்சுக் கொடுப்போம். மறைச்சுக் கேக்கிறதுக்குப் பேர் லஞ்சம். கேட்டவர் கேவலம்னா, என்ன ஏதுன்னு யோசிக்காம தூக்கிட்டு வந்த நானும் தப்புதான். பிள்ளைங்க படிப்புக்கான உதவி அவங்க படிச்சு வாங்கினது. அதுக்கு இனிமே இந்த ஊர்ல ஒருத்தரும் பாய் பின்ன வேண்டாம்."