பூமாரி மாட்டிய திருகு

கேளுங்கள் கண்ணுகளா. சின்னமனூர்ப் பக்கம் பொன்னுராஜின் கதவுப் பட்டறையில், மரம் செதுக்கும் சிஎன்சி மெஷினை ஓட்டியவள் பூமாரி. பலாப்பலகையில் வைரம் பாய்ந்த இடம் வந்தால், செதுக்கும் பிட் மிஞ்சிச் சுற்றிப் புகையும். வேகத்தைக் குறைக்கக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு உண்டு. மரத்தூள் அப்பிய கையோடு மவுஸைத் தேடி அதை இழுப்பதற்குள் பிட் முறிந்துவிடும். மூன்று முறிந்தன.

“திங்கக்கெழமையிலருந்து நீ உப்புத்தாள் தேய்ப்பு வேலைக்குப் போத்தா. மெஷினுக்கு நாகராஜ் வர்றான்,” என்றார் பொன்னுராஜ்.

“முறிச்சது மவுஸுண்ணே, நானில்ல. வேகத்தக் கொறைக்கக் கைக்கு ஒரு திருகு வேணும்னு எத்தன தடவ கேட்டேன்?”

“கை வச்சா வாரண்டி போயிரும்னு மெஷின் வித்தவுக சொல்லிட்டாக.”

“புகைஞ்சா அவுக வந்து ஊதி அணைப்பாகளா?”

மறுநாள் காலை அவருக்கு முன்பே வந்துவிட்டாள். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி ஒரு திருகு, அதற்கு மூன்று கால். ஓரக்கால் இரண்டுக்கும் கரண்ட்; நடுக்காலின் வயர் ஒரு சின்ன போர்டுக்கு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு. மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில் போனால் திரையில் எண் துள்ளும் என்று வயரைத் தள்ளியே இழுத்தாள். சாஃப்ட்வேரில் வேகத்தோடு இணைத்துத் திருகினாள். நூறு, எண்பது, அறுபது.

பொன்னுராஜ் வந்தபோது மெஷின் கதவில் திராட்சைக்குலை செதுக்கிக்கொண்டிருந்தது.

“யாரக் கேட்டு மாட்டுன?”

“மெஷினக் கேட்டு.”

வைரம் வந்தது, லேசாகப் புகைந்தது. அவரே பாய்ந்து, குறைப்பதாக நினைத்துத் திருகை இடப்பக்கம் திருப்பினார். பிட் வீறிட்டது. பூமாரி அவர் கையைத் தட்டிவிட்டு வலப்பக்கம் திருகினாள். சத்தம் இறங்கியது. பிட் முறியவில்லை, ஒரு பழம் மட்டும் கருகியிருந்தது.

“கிறுக்கச்சி! வலது பக்கம் திருப்புனா கூடணும்ல?”

“எங்க வாழத்தோட்டத்து கேட் வால்வு வலது பக்கம் திருப்புனாத்தேன் தண்ணி குறையும். எட்டு வயசுலருந்து பழகுன கை. அவசரத்துக்கு அப்பிடித்தேன் போகும்.”

“வயர மாத்து.”

“ஓரக்கால் ரெண்டையும் மாத்தணும், அஞ்சு நிமிச வேல. மாத்த மாட்டேன். ஓட்டுறவ நான்.”

“நாகராஜ் வந்தா?”

“அவன் கைக்கு அவன் மாட்டிக்கிறட்டும்.”

அடுத்த வைரம் வந்தது. சத்தம் மாறியவுடனே அவள் விரல் வலப்பக்கம் நகர்ந்தது. புகையில்லை. மஞ்சள் சுருளாக மரம் உதிர்ந்தது. பொன்னுராஜ் மெல்லக் கை நீட்டினார்.

“தொடாதீக,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

நீட்டிய கை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தது.

“நாகராஜு, மெஷினுக்கு ஆள் இருக்குய்யா. தேய்ப்புக்குன்னா வா. திராட்சைக்குலையில ஒரு பழம் கருகிக் கெடக்கு.”