முந்தின கணம்

மீட்டர்காரர் ஓய்வு பெற்ற பிறகும் மீட்டர்காரர்தான். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, மின்சார மீட்டரில் என்ன ஓடியிருக்கிறதோ அதை மட்டுமே எழுதியவர். பூட்டின வீட்டுக்கு உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது.

மனித மனதை ஆராயும் பல்கலைக்கழகத் துறையில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் தானாகவே போய் நின்றார். சட்டைப்பையில் ஒரு சின்னக் கருவி. ஒரு நாளைக்கு ஆறு தடவை, அதற்குத் தோன்றிய நேரத்தில் கத்தும். கத்துவதற்கு முந்தின கணம் மனதில் என்ன இருந்ததோ அதைச் சீட்டில் எழுத வேண்டும். பத்து நாள். இதென்ன பிரமாதம் என்று நினைத்தார். மனைவி தவறி மூன்று வருஷம் ஆகிறது, நினைப்பெல்லாம் அவள்தான். அறுபது சீட்டிலும் அவள்தான் இருப்பாள் என்று ஆராய்ச்சிப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். கால் ஆணி வலி. பால் பொங்கிவிடுமோ. எதிர்வீட்டுக்காரன் ஏன் இப்படிக் கதவை அறைகிறான். ஒன்பது சீட்டில் 'ஒன்றுமில்லை'. மனைவி ஒன்றில்கூட இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான், நம் மனதில் என்ன ஓடுகிறது என்பது நமக்கே சரியாகத் தெரியாது என்று அந்தப் பெண் ஆறுதல் சொன்னாள். மீட்டர்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்னும் ஒரே ஒரு நாள் வேண்டும் என்று கேட்டுக் கருவியை வாங்கி வந்தார்.

மறுநாள் விடிந்ததும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மனைவியை வம்படியாக நினைவுக்கு வரவழைத்தார். ஈரத் தலையோடு ஜன்னலோரம் நின்றது, திட்டும்போது மட்டும் அவருக்கு மரியாதை கொடுத்துப் பேசியது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடியது. கருவி கத்தியது. முந்தின கணம்? இப்போது கத்துமா என்றுதான் காத்திருந்தார். ஆறு தடவையும் அதே கதை. கடைசிச் சீட்டில் அவள் பெயரை எழுதினால் கேட்பார் யாருமில்லை. பென்சில் வெகுநேரம் தாளைத் தொடவில்லை. எழுதியது என்னவோ உள்ளதைத்தான். எழுதி முடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டுப்போயிருப்பதை அந்தப் பெண் கவனித்தாள்.

"வீட்ல உங்களோட யார் சார் இருக்காங்க?"

மூன்று வருஷமாக யார் இப்படிக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: அவள்தான் கூடவே இருக்கிறாளே. அது வாய் வரைக்கும் வந்தது.

"யாருமில்லம்மா," என்றார். "நான் மட்டும்தான்."