யூதாசின் தொந்தி

கரீபியக் கடல் உருக்கி வார்த்த வெள்ளித் தகடெனக் கண்பறிக்க, லா செய்பித்தா ஊரின் தகரக் கூரைகள் வெயிலில் நெளிந்து முனக, நாற்பது நாளாய்த் துளி நீரும் காணாத தெருக்குழாய்கள் காற்றை மட்டும் கொப்பளிக்க, உயிர்த்த ஞாயிற்றின் பிற்பகல் விரிந்தது. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசைக் கந்தலால் செய்து மரத்தில் தொங்கவிட்டு, அவன் எழுதிவைத்த உயில் என்று சில குறும்பு வரிகளைப் படித்து, பின்னர் எரிப்பது அந்நாளின் வழக்கம். அவனுக்கு ஆண்டுக்கொரு முகம். யாருடையது என்று எவரும் சொல்லார், அறியாதாரும் இலர்.

இவ்வாண்டு அவனைத் தைத்தவள், ஊசியினும் நா கூரிய எர்மெலிந்தா. நீரில்லாத ஒரே தொட்டியை மும்முறை திறந்துவைத்த ஊர்த்தலைவர் எவாரிஸ்தோவை எண்ணி, பொம்மையின் கழுத்தில் மூன்று விழா நாடாக்களையும் கையில் பொன்வண்ணக் கத்தரிக்கோலையும் பூட்டினாள். தொந்திக்கு மட்டும் இரண்டு மெத்தைப் பஞ்சு செலவாயிற்று. படிக்க அவள் வாய்திறக்குமுன், அரசைப் பழிப்பார்க்கு இருபதாண்டுச் சிறை என்னும் சட்டத்தோடு காவலன் ரிகோபெர்தோ வந்திறங்கினான். காலையில் பஞ்சு திணித்துச் சிரித்த அண்டைவீட்டார், மழைகண்ட எறும்பென உள்ளே புகுந்து, சாளர இடுக்கில் கண்ணை மட்டும் வெளியே விட்டுவைத்தனர்.

"யாரும்மா இது?"

"யூதாசுங்க ஐயா. வருசா வருசம் தொங்குறவன்தானே."

"யாரு மாதிரி இருக்கான்?"

"நீங்கதான் சொல்லணும். சட்டம் படிச்ச கண்ணு உங்களுதுதானே."

காவலனின் எழுதுகோல் நின்றது. குற்றத்தாளில் 'இழிவுற்றவர் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. அதை நிரப்பினால், கந்தல் மூட்டை தலைவரைப் போலிருக்கிறது என்று தானே கையொப்பமிட்டதாகும் அன்றோ! வியர்த்துப்போனவன் சாளரங்களை நோக்கிச் சான்று கேட்டான். இரு தெரு தள்ளி யார் வீட்டில் மீன் பொரிகிறது என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சொல்லும் அண்டைவீட்டுப் பெல்கிஸ், "எனக்குக் கண்ணு மங்கலுங்க" என்று கதவடைத்தாள். யாரேனும் ஒருவர் தலைவரின் பெயரைச் சொன்னாலும் எர்மெலிந்தாவுக்கு இருபதாண்டு.

அப்போது, மூன்று விழாவிலும் கத்தரிக்கோல் தட்டேந்திய அப்தோன், பற்றுமிகுதியால் பாய்ந்து வந்தான்.

"இதென்ன கேள்வி! அச்சு அசல் நம்ம தலைவரேதான்! அதே தொந்தி, அதே திருட்டு முழி! குருடனுக்கும் தெரியுமே!"

அடைத்த சாளரங்களுக்குள்ளிருந்து அடக்கமாட்டாத சிரிப்பு வெடித்தது. காவலனின் எழுதுகோல் உயிர்பெற்று, அச்சொற்களைப் பிசகாமல் பதிந்துகொண்டது.

"ஏறுடா வண்டியில."

"ஐயையோ, நான் சொல்லலீங்க! பொம்மைதான் சொல்லுது!"

"அது வாயே தெறக்கலையேடா. திருட்டு முழின்னு சொன்னது நீதானே?"

பழித்தவளை விடுத்துப் பரிந்தவனைப் பிடித்துச் சென்ற அவ்வரசின் நுண்ணறிவை என்னென்பது! தட்டேந்த வேறு ஆளில்லையென்று விடுவிக்கப்பட்டு மூன்றாம் நாள் திரும்பிய அப்தோன், மறுமாதமே அதே தொட்டியின் நான்காம் திறப்புவிழாவில் பழைய தட்டைப் பழைய பணிவோடு ஏந்தி நின்றான். ஊரார் கைதட்டினர், குழாய்கள் காற்றைக் கொப்பளித்தன. நாவை அஞ்சும் ஆட்சி செவியை இழக்கிறது. செவியிழந்தாரிடம் கைதட்டல் ஒன்றே மிஞ்சுகிறது. எர்மெலிந்தா மட்டும் கைதட்டவில்லை. முன்வரிசையில் நின்று, தலைவரின் இடையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். அடுத்த ஆண்டுக்கு இரண்டு மெத்தை போதாது.